பழைய ரிகர்வ் வில்லுக்கு எந்த நாண்?

பழைய ரிகர்வ் வில்லுக்கு, அதாவது நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்லுக்கு, புது நாண் தேடுகிறவர்கள், கடைக்குப் போகும் முன் வில்லின் இரண்டு நுனிகளையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். நாண் எந்த இழையில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அந்த நுனிகள்தான். நீளம், தடிமன், முறுக்கு எல்லாம் அதற்கு அப்புறம்.

என்னிடம் வந்த வில், தோ பாயோவில் ஒரு சீன அங்கிள் கரோசெலில் விற்பனைக்குப் போட்டிருந்தது. இளவயதில் கிளப்பில் எய்ததாம், பிறகு அலமாரிக்குள்ளேயே இருந்துவிட்டதாம். பிரித்துக் கழற்ற முடியாத ஒற்றைத் துண்டு வில். கைப்பிடி கருஞ்சிவப்பு மரம். கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற கைகளான லிம்ப்கள் மேப்பிள் மரச் சீவல்களால் ஆனவை, அவற்றின் முன்னும் பின்னும் கண்ணாடி இழைத் தகடு. 1960களிலும் 70களிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் செய்த வில்கள் பெரும்பாலும் இந்த அமைப்புதான். கீழ் லிம்பில் கையால் எழுதியிருந்த எழுத்து பாதி தேய்ந்துபோய், 28 அங்குல இழுப்புக்கு 42 பவுண்டு என்பது மட்டும் படிக்க முடிந்தது. செய்தவர் பெயரும் வில்லின் நீளமும் போய்விட்டன.

கூட வந்த நாண் எதற்கும் உதவாது. மெழுகு காய்ந்து, மேல் வளையத்தின் அடியில் சில இழைகள் அறுந்து பஞ்சு பஞ்சாக நின்றன. நடுவில் சுற்றியிருந்த நூல் கழன்று தொங்கியது. ஒரு இழை அறுந்தாலும் அந்த நாணை வில்லில் ஏற்றக் கூடாது. எய்யும்போது நாண் அறுந்தால், அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்துவிடுவதற்குச் சமம். லிம்பில் சேர்ந்திருந்த சக்தி முழுவதும் போக வழியில்லாமல் லிம்புக்குள்ளேயே திரும்பும். பழைய வில் அதைத் தாங்காது. ஒற்றைத் துண்டு வில்லுக்கு மாற்று லிம்ப் என்ற பேச்சே இல்லை. நாண் இருபது வெள்ளிக்குள் முடிகிற சாமான், லிம்ப் போனால் வில்லே போயிற்று. அதனால் நாண் விஷயத்தில் நான் வேகத்தைப் பின்னால் வைத்து, வில்லின் ஆயுளை முன்னால் வைத்தேன்.

நாணுக்கு முன்னால் வில்லைச் சோதித்தேன். ஒரு பஞ்சு உருண்டையை லிம்பின் விளிம்போரமாக மெல்ல ஓட்டினால், கண்ணுக்குத் தெரியாத சிலும்பு இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். கண்ணாடி இழையில் நீளவாட்டில் ஓடும் மயிரிழைக் கோடுகள் பழைய வில்களில் சாதாரணம், பெரும்பாலும் ஆபத்தில்லை. குறுக்கே ஓடும் விரிசலும், சீவல்களுக்கு நடுவே தெரியும் இடைவெளியும்தான் ஆபத்து. அவற்றில் ஒன்று இருந்தாலும் வில்லைச் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம், நாணேற்றக் கூடாது. என் வில்லில் நீளவாட்டுக் கோடுகள் மட்டுமே.

இனி நுனிகள். நாணின் வளையம் உட்காரும் காடிக்குப் பின்னால் லிம்பின் நுனியில் ஒட்டியிருக்கும் மேல்தகடு எவ்வளவு கனம் என்று பார்க்க வேண்டும். இன்றைய வில்களில் அந்த இடத்தில் கண்ணாடி இழையோ ஃபீனாலிக் தகடோ பல அடுக்காக ஒட்டியிருப்பார்கள், விரலால் தடவினாலே மேடு தெரியும். என் வில்லில் இருப்பது ஒரே ஒரு மெல்லிய அடுக்கு. காடியின் ஓரங்களும் கூர்மையாக இருந்தன.

இது ஏன் முக்கியம் என்றால், அம்பு நாணை விட்டுப் பிரியும்போது லிம்ப்கள் இரண்டும் முழு வேகத்தில் முன்னால் போய்க்கொண்டிருக்கும். அவற்றைப் பிடித்து நிறுத்துவது நாண். டாக்ரான் என்பது பாலியெஸ்டர் இழை. இழுத்தால் கொஞ்சம் நீளும், அந்த நீட்சியிலேயே அதிர்ச்சியின் ஒரு பங்கு கரைந்துவிடும். டைனீமா, ஸ்பெக்ட்ரா வகை இழைகள் நீளவே நீளாது என்று சொல்லும் அளவுக்கு விறைப்பானவை. பஸ் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி நிறுத்துவதற்கும் ஒரேயடியாக மிதிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரேயடி மிதியின் முழு அடியும் விழும் இடம் நுனி. நாண் காடியை அறுத்துக்கொண்டு இறங்கலாம், நுனி பிளக்கலாம், சீவல்கள் ஒட்டுவிட்டுப் பிரியலாம்.

வில் செய்தவர்கள் அந்தக் காலத்தில் எந்த நாணை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. 1950களில் டாக்ரான் வந்ததும் அதற்கு முன் இருந்த லினன் நூல் நாண்கள் ஒதுங்கின. 1970களில் போட்டி வீரர்கள் கெவ்லார் நாண் போட்டுப் பார்த்தார்கள். வேகம் கிடைத்தது, ஆனால் எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று அறுந்தன. ஃபாஸ்ட் ஃப்ளைட் என்ற பெயரில் ஸ்பெக்ட்ரா நாண் பரவியது 1980களில். ஆகவே அதற்கு முன் செய்த வில் என்றால் அது டாக்ரானுக்காகச் செய்த வில் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். செய்தவரே ஃபாஸ்ட் ஃப்ளைட்டுக்கு ஏற்றது என்று லிம்பில் எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

கிளப்பில் கூட எய்யும் தம்பி ஒருவர், பலிடெக்னிக் மாணவர், விடாமல் சொன்னார்: "அண்ணே, ஃபாஸ்ட் ஃப்ளைட்டே போடுங்க. வளையத்துல மட்டும் கூடுதல் இழை சேர்த்துத் தடிமனாக்கிட்டா நுனிக்கு ஒண்ணும் ஆகாது. நிறையப் பேர் செய்றாங்க." அவர் சொல்வது உண்மைதான். வளையத்தைப் பருமனாக்கினால் காடி அறுபடுவது குறையும். ஆனால் லிம்ப் சட்டென்று நிற்கும் அதிர்ச்சி குறையாது, ஒட்டுப்பசை அதை ஒவ்வொரு அம்புக்கும் வாங்கிக்கொண்டே இருக்கும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய பசை, நம் ஊர் வெக்கையில் இருந்த பசை. அதற்குப் பதிலாகக் கிடைப்பது அம்பின் வேகத்தில் வினாடிக்குச் சில அடி. நான் எய்வது பதினெட்டு மீட்டர் தூரத்தில். அந்தச் சில அடிக்காக இந்த வில்லைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை. டாக்ரான் என்று முடிவாயிற்று.

டாக்ரானிலும் கடைகளில் இரண்டு பெயர்கள் அடிபடும்: பிரவுனெல் நிறுவனத்தின் பி-50, பிசிஒய் நிறுவனத்தின் பி-55. இரண்டுமே இந்த வேலைக்குத் தோதானவை. பி-50யில் ஓர் இழை சுமார் 50 பவுண்டு தாங்கும். நாண் செய்பவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கில் 25 முதல் 35 பவுண்டு வில்லுக்கு 10 இழை, 35 முதல் 45 வரை 12, 45 முதல் 55 வரை 14, அதற்கு மேல் 16. ஆளுக்கு ஆள் இரண்டு இழை கூடும் குறையும். என் 42 பவுண்டுக்கு 12 போதும். 14 போட்டாலும் தப்பில்லை, கொஞ்சம் கனமான நாண், கொஞ்சம் மெதுவான அம்பு, அவ்வளவுதான். நான் 12 எடுத்ததற்குக் காரணம் காடி. பழைய வில்லின் காடி குறுகல், தடித்த வளையம் உள்ளே முழுசாக இறங்காமல் விளிம்பில் தொத்திக்கொண்டு நிற்கும். நாணேற்றும்போது வளையம் நழுவினால் முகத்துக்கு நேராக வரும்.

அடுத்தது நீளம். பழைய நாணை அளந்து அதே நீளத்தில் வாங்குவது நம்பகமான வழி இல்லை, அது எந்த வில்லுக்கு வாங்கியதோ யாருக்குத் தெரியும். வில்லைத்தான் அளக்க வேண்டும். நாண் இல்லாமல் வில்லைத் தரையில் வைத்து, தையல் டேப்பை ஒரு காடியிலிருந்து இன்னொரு காடி வரை லிம்பின் வளைவோடு ஒட்டினாற்போல் ஓட்டினேன். நேர்கோட்டில் அளந்தால் கணக்கு தவறும், ரிகர்வ் நுனிகளின் வளைவு சேராது. டேப் காட்டியது 62 அங்குலம்.

ஏஎம்ஓ என்பது அமெரிக்க வில் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த அளவுமுறை. அதன்படி வில்லின் நீளம் சோதனை நாணைவிட 3 அங்குலம் அதிகம். நடைமுறையில் ரிகர்வ் வில்லுக்கு 4 அங்குலம் கழித்து நாண் செய்கிறார்கள், நுனி வளையாத நீள வில்லான லாங்போவுக்கு 3. ஆக எனக்கு வேண்டியது 58 அங்குல நாண். வாங்குகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். விற்பவர் "62 அங்குல ஏஎம்ஓ நாண்" என்று எழுதியிருந்தால் கையில் வருவது 58 அங்குலம். நீங்கள் வெறுமனே 58 என்று கேட்டால், அதை வில்லின் நீளமாக எடுத்துக்கொண்டு 54 அங்குலத்தில் அனுப்பிவிடுவார்கள். எது வில்லின் நீளம், எது நாணின் நீளம் என்று இரண்டையும் எழுதிக் கேட்பதே நல்லது.

சிங்கப்பூரில் வில்வித்தைச் சாமான் விற்கும் கடைகள் உண்டு. ஆனால் அங்கே தொங்குவது பெரும்பாலும் ஒலிம்பிக் வகை வில்லுக்கான 66, 68, 70 அங்குல நாண்கள், விறைப்பான இழையில் செய்தவை. 62 அங்குலத்தில் டாக்ரான் என்றால் சொல்லி வரவழைக்க வேண்டும். அதைவிடக் கறுப்பில் ஒன்று, பழுப்பில் ஒன்று என்று கால் பவுண்டு பி-55 உருளைகள் வாங்கிவிட்டால் பல நாண்களுக்கு ஆகும் என்று நானே முறுக்கத் தீர்மானித்தேன்.

நாணில் இரண்டு ஜாதி. ஒன்று, இழையை இரண்டு முளைகளைச் சுற்றி முடிவில்லாமல் ஓட்டி, வளையங்களை நூலால் சுற்றி மூடுவது. இன்னொன்று ஃப்ளெமிஷ் முறுக்கு, கயிறு திரிப்பதைப் போலப் புரிகளை முறுக்கி வளையத்தைப் பின்னுவது. நீளம் நிச்சயமாகத் தெரிந்த வில்லுக்கு முதல் வகை சுத்தமாக இருக்கும். எழுத்து அழிந்த பழைய வில்லுக்கு நான் ஃப்ளெமிஷைத்தான் சொல்வேன். முறுக்கைக் கூட்டினால் நாண் குறுகும், தளர்த்தினால் நீளும், அரை அங்குலத்துக்கு மேல் விளையாட இடம் இருக்கிறது. வில் தனக்கு எந்த நீளம் சரி என்று எய்யும்போதுதான் காட்டும், அப்போது மாற்ற முடிகிற நாண் கையில் இருக்க வேண்டும்.

இழைகளை 76 அங்குலமாக வெட்டி, ஆறு ஆறாக இரண்டு கட்டு. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. நிறம் வேறாக இருந்தால் எந்தப் புரி எங்கே போகிறது என்று கண் தடுமாறாது. வெட்டிய முனைகள் ஒரே இடத்தில் முடியாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இறங்கி முடிய வேண்டும், அப்போதுதான் பின்னல் முடியும் இடத்தில் நாண் திடீரென்று மெலியாமல் சீராக ஒல்லியாகும். மெழுகு சிராங்கூன் சாலையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு. முனைகளில் தாராளமாகத் தேய்த்தேன், மெழுகு குறைந்தால் புரி கையில் நிற்காது.

முறுக்கும் வேலை கேட்பதற்குத்தான் சிக்கல். ஒரு புரியை வெளிப்பக்கமாகத் திருகு, அதை மற்றதன் மேல் உள்பக்கமாகப் போடு. அடுத்த புரியை அதே மாதிரி. விரல்கள் பழகிவிட்டால் தானாக ஓடும். வளையத்துக்கு வேண்டிய அளவு திரித்ததும் மடக்கி, கறுப்பு வாலைக் கறுப்புப் புரியோடும் பழுப்பு வாலைப் பழுப்போடும் சேர்த்துத் தொடர்ந்து திரிக்க வேண்டும். மேல் வளையம் கொஞ்சம் பெரிசு, நாணேற்றுவதற்கு முன் அது லிம்பின் மேல் நழுவிக் கீழே இறங்கி நிற்க வேண்டும். கீழ் வளையம் காடியை விட்டு விலகாத அளவுக்குச் சிறிசு. பின்னலைப் பிடித்து வைத்திருப்பது இழுவிசைதான், முடிச்சு எதுவும் கிடையாது. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும்.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். வீவக அடுக்குமாடி வீடுகளின் தாழ்வாரங்களில் தொட்டி தொட்டியாக நிற்கிறதே பாம்புச் செடி, அதன் நெருங்கிய உறவான மருள் என்ற செடியின் இலை நாரிலிருந்துதான் நம் பக்கத்தில் ஒரு காலத்தில் வில்நாண் திரித்தார்கள். கையில் பாலியெஸ்டர் இருந்தாலும் விரல்கள் செய்கிற வேலை அதேதான்.

நாண் முடிந்ததும் வில்லில் ஏற்ற ஸ்ட்ரிங்கர், அதாவது வில்லைச் சீராக வளைத்து நாணேற்ற உதவும் கயிறு, கட்டாயம் வேண்டும். காலை வில்லுக்குள் விட்டு வளைத்து ஏற்றும் பழக்கத்தால் முறுக்கிக்கொண்ட லிம்ப்கள் ஏராளம். ஏற்றியதும் வில்லைத் தள்ளிப் பிடித்து நாண் நுனிகளில் நடு நேராகப் போகிறதா என்று பார்த்தேன். போனது. ரிகர்வ் வளைவில் நாண் லிம்பின் மேல் படிந்து கிடக்கும் இடத்திலும் நடுவிலேயே இருந்தது. அங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் லிம்ப் திருகியிருக்கிறது என்று அர்த்தம்.

இனி பிரேஸ் உயரம், அதாவது கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரம். இந்த நீள வில்லுக்குப் பொதுவாக ஏழரையிலிருந்து எட்டரை அங்குலத்துக்குள் அமையும். முதல் முறை ஏற்றியபோது ஏழேகால். புது டாக்ரான் முதலில் நீளும் என்பதால் அப்படியே ஏற்றி வைத்து, மறுநாள் பார்த்தால் இன்னும் இறங்கியிருந்தது. இது எதிர்பார்த்ததுதான். நாணைக் கழற்றி முறுக்கைக் கூட்டினேன். புரிகள் ஒன்றையொன்று சுற்றிப் போகும் அதே திசையில்தான் கூட்ட வேண்டும், எதிர்த் திசையில் திருகினால் வளையத்தின் பின்னல் அவிழத் தொடங்கும்.

உயரம் குறைவாக இருக்கும்போது அம்பு நாணோடு கூடுதல் நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், கையின் சின்ன ஆட்டம்கூட அம்பில் ஏறும், நாண் முன்கையில் சப்பென்று அறையும். அதிகமாகிவிட்டால் லிம்புக்கு வீண் பாரம், இழுப்புத் தூரமும் குறையும். நடுவில் எங்கோ வில் அமைதியாகிற இடம் ஒன்று இருக்கிறது. கிளப்பில் சில முறுக்கு கூட்டி சில அம்புகள், மறுபடி சில முறுக்கு, சில அம்புகள் என்று காதால் தேடினேன். ஏழரையில் கணகணவென்று ஒரு சத்தம், கைப்பிடியிலும் அதிர்வு. ஏழே முக்காலில் குறைந்தது. எட்டு அங்குலத்தைத் தொட்டதும் சத்தம் "தும்" என்று அடங்கிவிட்டது, கைக்கும் அதிர்வு தெரியவில்லை. எட்டேகாலில் மறுபடி கரகரப்பு. எட்டுக்கே திரும்பினேன். முறுக்குகளை எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று, நல்ல ஆரோக்கியமான அளவு. மிதமிஞ்சி முறுக்கினால் நாண் ஸ்பிரிங் மாதிரி நீளும்.

உயரம் நிலைத்த பிறகே நடுவில் நூல் சுற்ற வேண்டும், முன்னாலேயே சுற்றினால் முறுக்கு மாறும்போது அது தளரும். நைலான் நூலால் ஆறேழு அங்குலம். அம்பின் நாக், அதாவது வாலில் நாண் மாட்டும் பிளவு, அதில் மெல்லிய "டிக்" சத்தத்தோடு மாட்ட வேண்டும், வில்லைக் கிடையாகப் பிடித்து அம்பைத் தொங்கவிட்டால் விழக் கூடாது, நாணை விரலால் சுண்டினால் விழ வேண்டும். இறுக்கமாக இருந்தால் மெல்லிய நூல், தளர்வாக இருந்தால் தடித்த நூல். 12 இழை நாணுக்குக் கொஞ்சம் தடித்த நூலே பொருந்தியது. அம்பு மாட்டும் இடத்தை, அம்பு நாணுக்குச் செங்கோணத்தில் நிற்கும் மட்டத்திலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே, பித்தளை வளையத்தால் குறித்தேன். கைப்பிடி மேட்டிலேயே அம்பை வைத்து எய்கிறவர்களுக்கு அந்த உயரம் ஒத்துவரும், இறகு மேட்டில் உரசாது.

நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், மதியம் 60க்குப் பக்கம் இறங்கும். பாலியெஸ்டர் தண்ணீரை அதிகம் குடிக்காது என்பது டாக்ரானின் இன்னொரு நன்மை. இருந்தாலும் மெழுகு இருந்தால் இழைகள் ஒன்றோடொன்று உரசித் தேயாது. நாண் தொட்டால் வறவறவென்று இருக்கும்போது கொஞ்சம் மெழுகைப் பூசி, விரல்களுக்கிடையே வேகமாகத் தேய்த்து உருக்கிவிட்டால் போதும். நடுச்சுற்று நூலில் மெழுகு வேண்டாம். நாணைக் கழற்றித்தான் வில்லை வைக்கிறேன், நிற்க வைத்துச் சாய்க்காமல் இரண்டு மர முளைகளில் கிடையாக. வெயிலில் நிறுத்திய காரில் விடுவதில்லை, அந்தச் சூட்டில் பசை இளகும்.

உருளைகளில் மிச்சம் இருந்த இழையில் இன்னொரு நாண் முறுக்கியிருக்கிறேன், அதே 12 இழை, அதே 58 அங்குலம். மாற்று நாணை முறுக்கிப் பையில் போட்டுவைத்தால் மட்டும் போதாது. அதையும் வில்லில் ஏற்றி, நீள வேண்டியதை நீளவிட்டு, எட்டு அங்குலத்துக்குக் கொண்டுவந்து, அம்பு மாட்டும் இடத்தையும் அதே உயரத்தில் குறித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாண் தேய்கிற அன்றைக்கு எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். இப்போது இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எய்கிறேன். இரண்டாவது நாண் இன்னும் கொஞ்சம் நீண்டுகொண்டிருக்கிறது, வாரத்துக்கு இரண்டு மூன்று முறுக்கு கேட்கிறது.